கற்பித்தல் பயிற்சியில் சங்கப் பாடல் நடத்துவது எப்படி? புறநானூற்றின் 18-ஆம் பாடலைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்வியியல் கல்லூரியில் தமிழ் கற்பித்தலைப் பாடமாக எடுத்துவிட்டுப் பள்ளிக்குள் நுழையும் பயிற்சி ஆசிரியர்கள் உரைநடையையும் இலக்கணத்தையும் ஓரளவு துணிவோடு எடுத்துவிடுகிறார்கள். தயக்கம் வருவது செய்யுளில்தான், அதிலும் சங்கப் பாடல் என்றால் தயக்கம் இரட்டிப்பாகிறது. அந்தத் தயக்கத்தை மறைக்க நாம் எல்லோரும் கையாளும் வழி ஒன்றே: பாடலை ஒரு முறை வேகமாக வாசித்து, அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பாடநூலில் அச்சிட்டிருக்கும் பொருளை நம் சொற்களில் திரும்பச் சொல்லி, இலக்கணக் குறிப்புக்குப் போய்விடுவது. பாடவேளை முடிந்துவிடும், பாடக்குறிப்பேட்டில் கையொப்பமும் கிடைத்துவிடும். ஆனால் மாணவர்கள் கேட்டது உரையை மட்டுமே, பாடல் அவர்கள் காதில் விழுந்திருக்காது.

இந்த வழிகாட்டி அதற்கு மாறான ஒரு முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அதன் அடிப்படை எளியது: பொருள் சொல்வதை முடிந்த அளவு தள்ளிப்போட வேண்டும், அதற்கு முன் பாடலைக் கேட்க வைக்க வேண்டும், யார் யாரிடம் ஏன் பேசுகிறார் என்பதைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனம் உள்ள ஓர் ஊரின் அரசுப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அது குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய புறநானூற்றுப் பாடல். 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற அடியால் பலருக்கும் அறிமுகமானது. வேறு பாடல் கிடைத்தவர்களும் படிகளை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பாடம் எடுக்கும் முன் வகுப்பைப் பாருங்கள்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்தபின் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளானது. பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என நீண்டது. முதலாண்டின் வாரங்கள் பெரும்பாலும் உற்றுநோக்கலுக்கே உரியவை. அவற்றைப் பதிவேட்டை நிரப்பும் வேலையாகக் கருதுவது பெரிய இழப்பு. பின் வரிசையில் அமர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் செய்யுள் நடத்தும்போது யார் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், யார் சன்னலைப் பார்க்கிறார்கள், யார் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் சரளமாக வாசிக்க இயலாத மாணவர் சிலர் இருப்பார்கள். அவர்களை முன்கூட்டியே அறியாமல் 'நீ எழுந்து படி' என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை பயிற்சிக் காலம் முழுவதும் உங்களை நிமிர்ந்து பார்க்காது.

வழிகாட்டி ஆசிரியரிடம் எந்த இயலின் எந்தப் பகுதி உங்களுக்கு ஒதுக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தேர்வு நெருங்கும்போது பாடப்பகுதி திடீரென மாறுவது பள்ளிகளில் வழக்கம். அதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஊரைப் பற்றியும் நான்கு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் வீட்டில் என்ன வேலை, நிலம் இருக்கிறதா, இருந்தால் கண்மாய்ப் பாசனமா மானாவாரியா, மழை எப்போது பெய்தது என்பவை பள்ளி வாசலில் உள்ள தேநீர்க் கடையிலேயே கிடைத்துவிடும். எனக்குப் பாடத்தின் பாதி அங்கேதான் கிடைத்தது.

பாடலை முதலில் நீங்கள் படியுங்கள், உரையை மூடிவைத்து

பாடநூலில் பாடலுக்குக் கீழே 'சொல்லும் பொருளும்', 'பாடலின் பொருள்', 'நூல்வெளி' எல்லாம் அடுக்கியிருப்பதால் பயிற்சி ஆசிரியரின் கண் நேராகக் கீழே போய்விடுகிறது. ஒரு தாளால் அவற்றை மறைத்துக்கொண்டு பாடலை மட்டும் பல முறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே தடுக்கி நிற்கிறீர்களோ அங்கேயே மாணவர்களும் நிற்பார்கள்; அந்த இடங்களைப் பென்சிலால் குறியுங்கள்.

அடுத்து, முழுப் பாடலையும் தேடிப் படியுங்கள். பாடநூலில் இருப்பது 'வான் உட்கும் வடிநீண் மதில்' என்று தொடங்கும் பிற்பகுதி. அதற்கு முன்னே உள்ள அடிகளில் புலவர் மன்னனின் முன்னோரைப் புகழ்கிறார், நீண்ட ஆயுள் பெறுக என்று வாழ்த்துகிறார், பிறகு கோட்டையைச் சுற்றியுள்ள அகழியை வருணிக்கிறார். நீரளவுக்குத் தாழ்ந்த காஞ்சி மரத்தின் பூவை வாளை மீன்கள் கவ்வுகின்றன. ஆரல், வரால், கெடிறு என மீன்கள் வகைவகையாக இருக்கின்றன. அரசனின் மதிலைச் சுற்றி இவ்வளவு நீர் தேங்கி நிற்பதைக் காட்டிவிட்டுத்தான், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் நிலத்தைப் பற்றிப் புலவர் பேசுகிறார். இதைப் பாடநூல் தரவில்லை. ஆனால் இது தெரிந்த ஆசிரியர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். 'கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது, வயலில் ஏன் இல்லை?' என்று நான் கேட்டபோது, வகுப்பில் அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவி, 'அது சண்டைக்கு வெட்டுனது சார்' என்றாள். அகழி வெட்டத் தெரிந்த அரசனுக்குக் குளம் வெட்டச் சொல்கிறார் புலவர் என்ற இடத்துக்கு வகுப்பு தானாக வந்து சேர்ந்தது.

பாடலுக்குள் புலவர் மன்னனை விளிக்கும் இடங்களையும் அடிக்கோடிடுங்கள். பாடநூற் பகுதியில் 'வயவேந்தே', 'மிகுதியாள', 'செழிய' என மூன்று விளிகள் வருகின்றன. இவையே பேச்சின் மூட்டுகள். முதல் விளிக்குப் பின் மன்னன் விரும்பக்கூடிய மூன்று பேறுகள் சொல்லப்படுகின்றன. இரண்டாவதற்குப் பின் உணவு, நிலம், நீர் பற்றிய வாதம். மூன்றாவதற்குப் பின் 'ஆகவே இதைச் செய்' என்ற வேண்டுகோள். பாடலை எங்கே பிரித்து இரண்டு பாடவேளைகளாக்குவது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

பாடக்குறிப்பு

கல்லூரி தரும் படிவத்தை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. ஆர்வமூட்டல், அறிமுகம், ஆசிரியர் படித்தல், மாணவர் படித்தல், சொற்பொருள், பொருள் விளக்கம், நயம் பாராட்டல், தொகுத்தல், மதிப்பீடு, தொடர்பணி என்ற வரிசை எல்லாப் படிவத்திலும் ஏறத்தாழ இருக்கும். ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் படிகள் என்று நாம் மனப்பாடம் செய்த முறையின் நிழல் இதில் விழுந்திருக்கிறது. படிவத்தை அப்படியே நிரப்புங்கள்; நேரத்தை மட்டும் உங்கள் விருப்பப்படி பகிர்ந்துகொள்ளுங்கள்.

பாடவேளை 40 அல்லது 45 நிமிடம் என்று அட்டவணை சொல்லும். முந்தைய ஆசிரியர் வெளியேறி, கரும்பலகையை அழித்து, பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து முடிக்கும்போது கையில் 35 நிமிடமே மிஞ்சும். இந்த அளவுள்ள பாடலுக்கு இரண்டு பாடவேளைகள் கேட்டு வாங்குங்கள். முதல் பாடவேளையில் பாதி நேரமாவது வாசிப்புக்கும் சூழலுக்கும் போக வேண்டும். பொருள் விளக்கம் அதன் இறுதியில் தொடங்கி இரண்டாம் பாடவேளைக்கு நீளட்டும்.

நோக்கங்கள் எழுதும் பகுதியில் 'மாணவர்கள் பாடலின் கருத்தை அறிந்துகொள்வர்' என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது. 'நீர், நிலம், உணவு, உடல் ஆகியவற்றைப் புலவர் எந்த வரிசையில் இணைக்கிறார் என்பதை மாணவர் தம் சொற்களில் விளக்குவர்' என்று எழுதினால், வகுப்பின் முடிவில் அது நடந்ததா இல்லையா என்று பார்க்க முடியும்.

கற்பித்தல் துணைக்கருவி பற்றி ஒரு சொல். தெர்மாக்கோலில் அணைக்கட்டு செய்து, அதற்கு நீல வண்ணம் பூசி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த நண்பர்களை நான் அறிவேன். மதிப்பெண்ணுக்கு அது உதவக்கூடும். இந்தப் பாடலுக்குச் சுண்ணக்கட்டி போதும். சன்னல் வழியே கண்மாய்க் கரை தெரிந்தால் அதுவும் தேவையில்லை.

ஆர்வமூட்டல்: விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள்

'தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும்?' என்று தொடங்கினால் 'வாழ முடியாது சார்' என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிப் பழகிய விடை அது. அதில் சிந்தனை ஒன்றும் இல்லை. ஆசிரியருக்குத் தெரியாத, மாணவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்பதே நல்ல ஆர்வமூட்டல். 'நான் வெளியூர்க்காரன். உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டேன். முதலில் மழை என்றார்கள். மழைநீர் எப்படிக் கண்மாய்க்குள் வருகிறது என்று தொடர்ந்ததும் வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), மடை, கலுங்கு, மறுகால் என்று சொற்கள் வரத் தொடங்கின. நடு வரிசையில் இருந்த ஒரு மாணவன் கரும்பலகைக்கே வந்து, கரை எந்தப் பக்கம், நீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று பிறை வடிவில் ஒரு கோடு போட்டான். தரை தாழ்ந்திருக்கும் பக்கத்தில்தான் கரை போட வேண்டும் என்று அவனே சொன்னான்.

அந்தக் கோட்டை அழிக்காமல் ஓரத்தில் விட்டுவைத்தேன். பாடலின் இறுதியில் 'நிலன் நெளி மருங்கில் நீர்நிலை பெருக' என்று வரும்போது, அதாவது நிலம் வளைந்து பள்ளமாகும் இடத்தில் நீரைத் தேக்கு என்று புலவர் சொல்லும்போது, நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கரும்பலகையைச் சுட்டிக் காட்டினேன்.

ஆர்வமூட்டல் 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஊர்க்கதை சுவையானது, விட்டால் பாடவேளையை விழுங்கிவிடும்.

வாசிப்பு: இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்

முதல் வாசிப்பின்போது எல்லோரும் புத்தகத்தை மூடி வைக்கட்டும். இதைச் சொன்னதும் வகுப்பில் சிறு குழப்பம் எழும். 'எதைப் பார்க்கணும் சார்?' என்பார்கள். கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். அதற்கு நீங்கள் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லும் அளவுக்குப் பாடலை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். இந்த ஒரு தயாரிப்பு மற்ற எல்லாத் தயாரிப்புகளையும்விட மேலானது என்பது என் எண்ணம். புத்தகத்தை ஏந்திக்கொண்டு குனிந்து படிப்பவருக்கு வகுப்பு தெரிவதில்லை. மனப்பாடமாகச் சொல்பவர் எல்லோருடைய முகத்தையும் பார்த்துச் சொல்ல முடியும்.

ஆசிரியப்பாவுக்குப் பேச்சின் ஓசை. அதைச் சீர் சீராக வெட்டி ஒப்பித்தால் பேச்சு செத்துவிடும். இராகம் போட்டு இழுத்தாலும் அப்படியே. பொருள் முடியும் இடத்தில் மூச்சு விடுங்கள், அடி முடியும் இடத்தில் விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. இந்தப் பாடலில் 'செல்வம் வேண்டினும்', 'ஆகல் வேண்டினும்', 'நிறுத்தல் வேண்டினும்' என்று மூன்று முறை 'வேண்டினும்' வருகிறது. ஒவ்வொன்றிலும் குரல் சற்று உயர்ந்து, முடியாமல் தொங்கி நிற்க வேண்டும். மூன்றாவதற்குப் பின் ஒரு நொடி நிறுத்துங்கள். பிறகு 'கேள் இனி' என்பதை இயல்பான குரலில், எதிரே இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். அதுவரை புகழ்ந்துகொண்டிருந்தவர் இப்போது விஷயத்துக்கு வருகிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். அடுத்து வரும் 'கொடுத்தோரே', 'பிண்டம்', 'நீரே', 'படைத்திசினோரே' என்ற முடிவுகளில் குரல் இறங்கி அமர வேண்டும். ஒவ்வொன்றும் மறுக்க முடியாத தீர்ப்புப்போல விழும்.

இரண்டாம் வாசிப்பில் புத்தகம் திறந்திருக்கட்டும். மூன்றாவதில் நீங்கள் பாதி அடியைச் சொல்ல, வகுப்பு மீதியைச் சொல்லட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் மற்றவர்களோடு சமமாகிவிடுகிறார்கள், ஏனென்றால் இங்கே வேலை செய்வது காதும் நாவும். எங்கள் வகுப்பில் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த ஒரு மாணவன் 'நீரும் நிலனும் புணரியோர்' என்று நான் நிறுத்தியதும், மற்றவர்களுக்கு முன்னால் 'ஈண்டு உடம்பும் உயிரும் படைத்திசினோரே' என்று முடித்தான். மெல்லக் கற்போருக்கென்று தனிப் பயிற்சித்தாள் தயாரிக்கச் சொல்கிறார்கள், தயாரியுங்கள், தவறில்லை. ஆனால் செய்யுள் பாடத்தில் அவர்களுக்கு முதலில் வேண்டியது கூட்டாகச் சொல்லும் வாய்ப்பு.

யார், யாரிடம், எப்போது

பொருளுக்குப் போகும் முன் பேசுபவரையும் கேட்பவரையும் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். பாட்டுடைத் தலைவன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். சேரன், சோழன், வேளிர் ஐவர் என எழுவரை ஒரே போரில் வென்றவன். மிக இளம் வயதில் அரியணை ஏறியவன். இடைக்குன்றூர்கிழார் பாடிய 77-ஆம் பாடல், போருக்கு வந்த அவன் கழுத்தில் சிறுபிள்ளைகள் அணியும் தாலி இன்னும் கழற்றப்படவில்லை என்கிறது. தன்னை இளையவன் என்று இகழ்ந்தவர்களை வெல்லாவிட்டால் என்னவெல்லாம் நேரட்டும் என்று அவனே உரைத்த வஞ்சினம் 72-ஆம் பாடலாக இருக்கிறது. அதில் அவன் தனக்கு வரக்கூடாது என்று அஞ்சும் கேடுகளில் ஒன்று, மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் விட்டுவிடுவது.

இந்த இரண்டு செய்திகளை மட்டும் கதைபோலச் சொன்னால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'சின்னப் பையன்' என்று சொல்லப்படும் வலி அவர்களுக்குத் தெரியும். பிறகு கேளுங்கள்: எழுவரை வென்ற ஒரு இளைஞனிடம் போய், நீ இன்னும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் எப்படித் தொடங்குவீர்கள்? 'மொதல்ல புகழணும் சார்' என்ற விடை கட்டாயம் வரும். குடபுலவியனார் செய்ததும் அதுதான். புலவர் பாட்டில் இடம்பெற ஏங்கிய மன்னனிடம், 'நல்லிசை நிறுத்தல் வேண்டினும்' என்று அவனுடைய ஆசையையே எடுத்துத் தன் வேண்டுகோளுக்குக் கருவியாக்குகிறார்.

பொருள்: தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்கு

அருஞ்சொல் பட்டியலை முதலில் எழுதிப்போடும் பழக்கத்தை இங்கே கைவிடுங்கள். பாடலில் தங்களுக்குத் தெரிந்த சொற்களை மாணவர்களே கோடிடட்டும். மதில், செல்வம், தோள், நீர், உயிர், உணவு, நிலம், உடம்பு, வான் எனப் பாதிக்கு மேல் அவர்களுக்குத் தெரிந்தவை. சிற்றுண்டி தெரிந்தவருக்கு உண்டி தெரியும். விதை தெரிந்தவருக்கு 'வித்தி' புரியும். எஞ்சி நிற்கும் உட்கும், முருக்கி, யாக்கை, வல்லே, தாள் போன்ற சிலவற்றை மட்டும், அந்தந்த அடி வரும்போது நீங்கள் சொல்லுங்கள்.

நடுப்பகுதியின் வாதத்தைக் கரும்பலகையில் படிக்கட்டுபோலக் கீழிருந்து மேலாக எழுதலாம். உடம்பு உணவால் நிற்கிறது. உணவு என்பது நிலமும் நீரும். ஆகவே நீரையும் நிலத்தையும் சேர்ப்பவர் உடம்பையும் உயிரையும் படைத்தவர். ஒவ்வொரு படியையும் நீங்கள் எழுதாமல், அடியைப் படித்துவிட்டு மாணவரை எழுதச் சொல்லுங்கள். 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற அடி மணிமேகலையிலும் வருகிறது, அங்கே பசித்தவருக்குச் சோறிடும் அறத்தைச் சொல்கிறது. இங்கேயோ அது நீர்நிலை அமைக்கச் சொல்லும் வாதத்தின் முதல் படியாக இருக்கிறது. ஒரே அடி இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்வதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

'நீரும் நிலனும்', 'உடம்பும் உயிரும்' என்ற இணைகளில் கூர்மையான மாணவர் ஒருவர் நின்று, 'நீர்தானே உயிர், வரிசை மாறியிருக்கிறதே' என்று கேட்கக்கூடும். கேட்டால் எதிர்நிரல்நிறையை, அதாவது இணைச் சொற்களை வரிசை மாற்றிப் பொருத்திப் பொருள் கொள்வதைப் பற்றி இரண்டு சொல் சொல்லி, அப்படி வாசிக்க இடம் உண்டா என்று வகுப்பிடமே விடுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக எடுத்துத் திணிக்க வேண்டாம்.

இனி, பாடலின் கடினமான இடம். 'வித்தி வான் நோக்கும் புன்புலம் கண்ணகன் வைப்பிற்று ஆயினும் நண்ணி ஆளும் இறைவன் தாட்கு உதவாதே': விதைத்துவிட்டு மழையை எதிர்பார்க்கும் புன்செய் நிலம் எவ்வளவு அகன்றதாக இருந்தாலும், அதை ஆளும் அரசனின் முயற்சிக்கு உதவாது. இதைச் சொன்னதும் ஒரு மாணவன், முகம் சற்றுச் சிவந்து, 'எங்க நிலம் மானாவாரிதான் சார். அது எதுக்கும் உதவாதா?' என்று கேட்டான். இத்தகைய கேள்வி வரும்போது பாடக்குறிப்பை மறந்துவிடுவதே சரி. நான் அவனிடம், போன பருவத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். மிளகாய் என்றான், பாதி கருகிவிட்டது என்றான். யார் மேல் தவறு என்றேன். 'மழை பெய்யல' என்று தொடங்கியவன், பக்கத்தில் இருந்தவன் 'வரத்துக்கால தூர் வாரல' என்றதும், அவனும் ஆமாம் என்றான். புலவர் குறை சொல்வது நிலத்தையா, அரசனையா என்று அடுத்துக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு வகுப்பில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. மணி அடிக்கும்வரை பிரிந்தே இருந்தது. பாடம் நன்றாக நடந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

வினாவுக்குப் பின் காத்திருத்தல்

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தலில் வினா கேட்கும் திறனைப் பழகியிருப்போம். அங்கே மாணவர்களாக அமர்ந்திருப்பவர்கள் நம் தோழர்கள்; கேட்டவுடன் கை தூக்கி உதவிவிடுவார்கள். உண்மையான வகுப்பில் மௌனம் வரும், அந்த மௌனத்தை எதிர்கொள்ள அந்தப் பயிற்சி நம்மைத் தயார் செய்வதில்லை. வினாவுக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், 3 நொடியாவது காத்திருந்தால் விடைகள் நீளமாவதோடு வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் எடுத்துக்காட்டினார். 3 நொடி என்பது கேட்பதற்கு மிகச் சிறிது. பின்வரிசையில் கல்லூரிப் பேராசிரியர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கும்போது அது மிக நீண்டது. மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

எப்போதும் முந்திக்கொண்டு விடை சொல்லும் ஒருவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவரை அடக்காமல், 'நீ சொன்னதை இன்னொருத்தர் வேற மாதிரி சொல்லட்டும்' என்று திருப்பிவிடுங்கள். தவறான விடைக்குத் 'தப்பு' என்று சொல்வதைவிட, அந்த விடையைப் பாடலின் எந்த அடி தாங்குகிறது என்று காட்டச் சொல்வது மேல். காட்ட முடியாதபோது மாணவரே திருத்திக்கொள்வார். சில நேரம் காட்டியும் விடுவார். அப்போது நாம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இலக்கணத்தைப் பாடலுக்கு வேலை செய்ய வையுங்கள்

மூதூர், நல்லிசை, புன்புலம் ஆகியவை பண்புத்தொகைகள், அடுபோர் வினைத்தொகை, நீரும் நிலனும் எண்ணும்மை. தேர்வுக்கு இவை வேண்டும், எழுதிப்போடுங்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

வினையாலணையும் பெயரை மட்டும் நிதானமாக எடுங்கள். கொடுத்தோர், புணரியோர், படைத்திசினோர், தட்டோர், தள்ளாதோர் என்று இந்தப் பாடலில் மனிதர்கள் எல்லோரும் தாம் செய்த செயலாலேயே பெயர் பெறுகிறார்கள். உணவு கொடுத்தவரின் குலமோ ஊரோ சொல்லப்படவில்லை. கொடுத்தார் என்பதே அவருடைய பெயர். பாடலின் இறுதியில் 'தட்டோர் அம்ம இவண் தட்டோரே, தள்ளாதோர் இவண் தள்ளாதோரே' என்று வருகிறது. நீரைத் தளைத்துத் தேக்கியவர்கள்தாம் செல்வம், ஆட்சி, புகழ் மூன்றையும் தம்மோடு தளைத்துக்கொண்டவர்கள்; தேக்காதவர்கள் அவற்றையும் தளைக்காதவர்கள். ஒரே சொல் எழுவாயாகவும் பயனிலையாகவும் வந்து முடிவதை மாணவர்கள் விளையாட்டுப்போல உணர்ந்து ரசித்தார்கள். 'நாமும் இப்படி ஒன்று சொல்லலாமா?' என்றதும், 'படித்தோர் அம்ம பாஸானோரே' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாப்பு சரியில்லை, ஆனால் வினையாலணையும் பெயர் சரியாகவே இருந்தது.

மதிப்பீடும் தொடர்பணியும்

'குடபுலவியனார் யாரைப் பாடினார்?' என்பதைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு மதிப்பெண் வினா அப்படித்தான் வரும். அதோடு நின்றுவிடாமல், பாடலின் வடிவத்தைக் கையாளும் ஒரு பணியையும் கொடுங்கள். நான் கொடுத்தது ஒரு மனு. ஊரில் நீர்நிலை தொடர்பான ஒரு குறையைக் கிராம சபைக்கு எழுத வேண்டும். ஆனால் குடபுலவியனாரின் வரிசையில் எழுத வேண்டும். முதலில் கேட்பவரின் சிறப்பு, பிறகு அவர் விரும்புவது, பிறகு மறுக்க முடியாத காரணம், கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலோர் புகழ்ச்சியை ஒரே வரியில் முடித்துவிட்டுக் குறைக்குப் பாய்ந்துவிட்டார்கள். அவற்றை வகுப்பில் படித்துக் காட்டி, எந்த மனு கேட்பவரின் மனத்தை மாற்றும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னதில், பாடலின் அமைப்பு இன்னொரு முறை பாடமானது.

திருத்தும்போது எழுத்துப்பிழைக்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு நோட்டிலும் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். பயிற்சி ஆசிரியர் சில வாரங்களில் போய்விடுவார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நோட்டில் அக்கறையாக எழுதப்பட்ட வரியைப் பார்த்தபின் அடுத்த நோட்டை அவர்களே கேட்காமல் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

உற்றுநோக்கப்படும் நாள், பதிவேடு, ஒப்படைப்பு

பேராசிரியர் வரும் நாளுக்கென்று ஏற்கெனவே நடத்திய பாடத்தைத் திரும்ப நடத்திக் காட்டுவது பரவலான வழக்கம். பிள்ளைகள் அதற்கும் ஒத்துழைப்பார்கள், அதுவும் மிகையாக. நீங்கள் கேட்கும் முன்பே விடை சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். எந்தப் பகுதியில் இருக்கிறீர்களோ அதையே நடத்துங்கள். குறை சொன்னால் விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். பொருள் சொல்லத் தாமதமாகிறது என்ற குறை இந்த முறைக்குக் கட்டாயம் வரும். அப்போது, பாடக்குறிப்பில் நேரப் பகிர்வை முன்பே எழுதி, வழிகாட்டி ஆசிரியரின் ஒப்புதல் பெற்றிருந்தால் பேச வேண்டிய தேவை குறையும்.

ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும், ஆசிரியர் அறைக்குப் போகும் முன் தாழ்வாரத்திலேயே மூன்று செய்திகளைக் குறித்துவையுங்கள்: எந்தக் கேள்விக்கு வகுப்பு விழித்தது, எங்கே கவனம் கலைந்தது, யார் முதல் முறையாகப் பேசினார். பதிவேட்டின் 'பயிற்சி ஆசிரியரின் கருத்து' என்ற பகுதியை மாத இறுதியில் கற்பனையாக நிரப்ப வேண்டியிராது.

பள்ளியை விட்டு வரும் முன், நடத்தி முடித்த பகுதி, முடிக்காத பகுதி, திருத்திய நோட்டுகள், வாசிப்பில் உதவி தேவைப்படும் மாணவர்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். நயம் பாராட்டலை முடிக்கவில்லை என்றால் முடிக்கவில்லை என்றே எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த வகுப்பை அவர்தான் எடுக்கப்போகிறார்.